செய்தி சொன்னது பிராசசர், குற்றம் யாருடையது?

கணினி பழுது பார்க்கும் கடைகளில் இரண்டு தீர்ப்புகள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று, "ஃபார்மட் அடிக்கணும்." இன்னொன்று, "பிராசசர் போச்சு." முதலாவது 80 ரிங்கிட்டில் முடியும். இரண்டாவது ஆயிரத்தைத் தாண்டும். தீபாவளிக்கு ஆறு வாரங்கள் இருந்தபோது என் மேசைக் கணினிக்கு இந்த இரண்டு தீர்ப்பும் ஒரே வாரத்தில், இரு வேறு கடைகளில் கிடைத்தன. இரண்டாவது கடைக்காரர் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. நீலத்திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்தார், "இனி சிபியூ சுடா மத்தி, மிஸ்" என்றார். செத்துவிட்டதாம். பலகையோடு சேர்த்து மாற்ற 1,450 ரிங்கிட் கேட்டார்.

பிராசசருக்குத் தமிழில் செயலி என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் இன்று செயலி என்றதும் எல்லாருக்கும் கைப்பேசியில் உணவு வாங்குவதும் வாடகைக் கார் கூப்பிடுவதும்தான் நினைவுக்கு வரும். அதனால் பிராசசர் என்றே எழுதுகிறேன்.

வானொலியில் காலை நிகழ்ச்சி படைக்கிறேன். 4.15 மணிக்கு எழுந்து, குளித்து, வேலைக்குப் புறப்படுவதற்குள் வீட்டுக் கணினியில் அரை மணி நேரமாவது ஒலித்தொகுப்பு செய்வது வழக்கம். அந்தச் சமயத்தில் கையில் இருந்தது தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி. பழைய ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களைத் தேடிப் போய், அவர்கள் பாடியதையும் பேசியதையும் பதிவு செய்திருந்தேன். மொத்தம் 212 கோப்புகள். பதிவு செய்தபின் காலமானவர்களும் அவர்களில் உண்டு.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுவேன். "பிறகென்ன பயம்?" என்று வீட்டில் கேட்டார்கள். பயமே அங்கேதான். அந்த நகலை எடுத்ததும் இதே கணினிதான். பிராசசர் உண்மையிலேயே தப்புக் கணக்குப் போடுகிறது என்றால், அது எடுத்த நகலை எப்படி நம்புவது?

கோளாறு இப்படித்தான் இருந்தது. விடியற்காலையில் பொத்தானை அழுத்தினால் கணினி திறக்கும். கடவுச்சொல் போட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் அப்படியே உறையும், அல்லது நீலத்திரை காட்டித் தானாக மறுபடி தொடங்கும். சில நாள் மூன்று முறை விழுந்து நாலாவது முறை எழுந்து நிற்கும். எழுந்துவிட்டால் மாலைவரை ஒரு தொல்லையும் இருக்காது. நீலத்திரையின் அடியில் இருந்த வரி, "வியா அன்கரெக்டபிள் எரர்". திருத்த முடியாத வன்பொருள் பிழை என்று பொருள்.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கடைக்காரர் சொன்னதைக் கேட்டவன், "அத்தை, காசு கொடுத்துடாதீங்க. முதல்ல லாக் பார்ப்போம்" என்றான். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானை வலப்பக்கச் சொடுக்கில் திறந்தால் அந்தப் பட்டியலிலேயே கிடைக்கும். கணினி தனக்குத்தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. அதில் 'சிஸ்டம்' என்ற பகுதிக்குள் போனால், கணினி திடீரென்று நின்ற ஒவ்வொரு முறைக்கும் 41 என்ற எண்ணில் ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பலரும் பதறுகிறார்கள். 41 சொல்வதெல்லாம் "போன தடவை ஒழுங்காக மூடப்படவில்லை" என்பது மட்டும்தான். அது நமக்கே தெரியும்.

பார்க்க வேண்டியது வியா லாகர் எழுதும் 18ஆம் எண். எங்கள் கணினியில் ஒன்பது நாளில் அப்படி 14 பதிவுகள். ஒன்றைத் திறந்தோம். கடுமையான வன்பொருள் பிழை ஏற்பட்டது. தெரிவித்த பாகம்: பிராசசர் கோர். பிழையின் வகை: கேஷ் ஹைரார்க்கி எரர். கடைசியில் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண்.

'தெரிவித்த பாகம்' என்பதில் என் கண் நின்றது. செய்தி வாசிக்கிறவளுக்கு அந்தச் சொல்லில் கண் நிற்காமல் எப்படி? காலை ஏழு மணிச் செய்தியில் நெடுஞ்சாலை விபத்தை நான்தான் தெரிவிக்கிறேன். அதற்காக லாரியை நான் ஓட்டினேன் என்று ஆகுமா? அந்தப் பதிவில் குற்றவாளி என்று எவர் பெயரும் இல்லை. தெரிவித்தவர் பெயர் மட்டும் இருக்கிறது. கடைக்காரர் தெரிவித்தவரைப் பிடித்து உள்ளே போடச் சொல்லிவிட்டார்.

தனக்குள் பிழை இருப்பது பிராசசருக்கு எப்படித் தெரியும்? கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதியிருக்கும். நடுவில் யாராவது 50ஐ 80 ஆக்கினால் கூட்டல் உதைக்கும். பிராசசருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்திலும் தரவோடு கூடவே சில சரிபார்ப்பு பிட்டுகளை வைத்திருக்கிறார்கள். ஒரு பிட் மாறினால் அநேகமாக அதுவே திருத்திவிடும். திருத்திய செய்தியை 19ஆம் எண்ணில் எழுதிவைக்கும். இரண்டு மூன்று சேர்ந்து மாறினால் திருத்த முடியாது. தெரியாமல் தப்புக் கணக்கைத் தொடர்வதைவிட நின்றுவிடுவது மேல் என்று கணினியை நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டுக்கு மெஷின் செக் என்று பெயர். மேசைக் கணினிகளுக்கு இது 1993இல் வந்த பென்டியத்தோடு வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. நிற்கும் கணத்தில் பிராசசருக்கு அந்தச் செய்தியை டிஸ்க்கில் எழுத நேரம் இருக்காது. அதனால் தனக்குள்ளேயே ஒரு மூலையில் குறித்துவைக்கும். அடுத்த முறை கணினி திறக்கும்போது விண்டோஸ் அதை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றும். ஆகவே காலையில் கணினி திறக்கும் நேரத்தில் பதிவாகும் பிழை அந்த நேரத்துப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. அது நேற்று உறைந்ததன் வாக்குமூலமாக இருக்கலாம். பெட்டியின் ரீசெட் பொத்தானை அழுத்தினால் அந்தக் குறிப்பு தங்கும். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் அதோடு போய்விடும். உறைந்த கணினியைப் பார்த்ததும் நம்மில் பலர் செய்வது சுவிட்சை அணைப்பதுதான்.

அண்ணன் மகன் 14 பதிவுகளின் ஏபிஐசி எண்களையும் ஒரு தாளில் எழுதினான். பிராசசரின் எந்தக் கோர் குரல் கொடுத்தது என்பதை அந்த எண் காட்டும். எல்லாப் பதிவிலும் ஒரே எண் வந்திருந்தால் அந்தக் கோர் மீது சந்தேகப்பட நியாயம் உண்டு. எங்கள் தாளில் 2, 9, 0, 5, 11, 2, 6 என்று சிதறிக் கிடந்தன. ஒரு வீட்டில் ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் அவர் தின்றதை விசாரிக்கலாம். எல்லாருக்கும் வந்தால் தண்ணீரைத்தானே பார்க்க வேண்டும்?

அன்றிரவு பினாங்கில் இருக்கும் அத்தையிடம் பேசும்போது இதைச் சொன்னேன். இவர் எனக்கு அத்தை, நான் அவனுக்கு அத்தை. எங்கள் வீட்டில் "அத்தை!" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவோம். அவர் 1986இல் பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை சோதனைப் பிரிவிலேயே இருந்தவர். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது பினாங்கில்தான், 1972இல். அதன்பின் அந்த வட்டாரத்துக்கு வந்த தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் எத்தனையோ தமிழ்ப் பெண்களை ஏற்றிப் போயிருக்கின்றன. உலகம் முழுக்க மேசைகளில் இருக்கும் சில்லுகளை நம் அத்தைகளும் சித்திகளும் சோதித்து அனுப்பியிருக்கிறார்கள். நாம் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

"பாப்பா, எங்க லைன்ல மெஷின் ரிஜெக்ட்னு தள்ளுனா, உடனே சில்லைக் குப்பையில போட மாட்டோம்" என்றார் அத்தை. "முதல்ல சாக்கெட்டைப் பார்ப்போம். ஊசி அழுக்கா இருக்கும், வளைஞ்சிருக்கும். துடைச்சிட்டு மறுபடி போடுவோம். பாதி பாஸ் ஆயிடும். சில்லு பாவம்டி, அதுக்கு வாய் இருக்கு, அதனால திட்டு வாங்குது."

இன்னொன்றும் சொன்னார். சில்லுகளை வெளியே அனுப்பும் முன், அவற்றைச் சூட்டில் வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து ஓடவிடும் சோதனை உண்டு. பலவீனமான சில்லு அங்கேயே விழுந்துவிடும். அதைத் தாண்டி வந்து, நாலைந்து வருடம் ஒழுங்காக உழைத்த ஒன்று திடீரென்று சாவது அபூர்வம்.

அபூர்வம்தான், நடக்கவே நடக்காது என்று அத்தையும் சொல்லவில்லை. 1994இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி தன் பென்டியம் வகுத்தலில் தப்புவதைக் கண்டுபிடித்தார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 என்று தொடங்கும் விடை வர வேண்டும். அந்தச் சில்லு 1.3337 என்றது. இண்டெல் சில்லுகளை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டு 47 கோடியே 50 லட்சம் டாலரை அதற்காக ஒதுக்கியது. அண்மையிலும், 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்கள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் வாங்கித் தேய்வதாகத் தெரியவந்து, 2024இல் அதே நிறுவனம் திருத்த மென்பொருள் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. உங்களிடம் அந்தத் தலைமுறை இருந்தால் பயாஸைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். என்னுடையது அந்த வகை இல்லை.

அடுத்த வாரம் முழுக்க அண்ணன் மகன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அவன் செய்த முதல் வேலை டிஸ்க்கைக் கழற்றியது. "இந்தப் பெட்டியை வச்சு இனிமே எதையும் காப்பி பண்ண வேண்டாம், அத்தை." டிஸ்க்கை என் கணவரின் மடிக்கணினியில் இணைத்து எல்லாவற்றையும் அங்கே எடுத்துவைத்தோம். பிறகுதான் பெட்டியைத் தொட்டான். சோதனைகளுக்கு வேறொரு பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றிக்கொண்டான். "ஃபார்மட் அடிக்கணும்" என்ற முதல் கடையின் தீர்ப்பு அன்றே பொய்த்தது. புத்தம்புது விண்டோஸிலும் அதே 18.

பயாஸுக்குள் போய் எல்லா அமைப்பையும் ஆலை அமைப்புக்குத் திருப்பினான். ரேம் அட்டையில் 3200 என்று எழுதியிருக்கும். அந்த வேகம் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும். எல்லா பிராசசரும் அந்த வேகத்தை எல்லா நாளும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதை அணைத்தும் மறுநாள் கணினி விழுந்தது. மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை யூஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓட்டினான். ரேமில் ஒரு பிழையும் இல்லை. விசிறியைக் கழற்றினால் உள்ளே ஓர் அங்குலத் தூசி. சாமி அறை பக்கத்திலேயே இருப்பதால் வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் சேர்ந்து கரும்பிசின் போல ஒட்டியிருந்தது. துடைத்து, பிராசசரின் மேல் புதுப் பசை தடவி மாட்டினான். வெப்பம் ஏழு டிகிரி இறங்கியது. விடியற்காலையில் மறுபடி விழுந்தது. பயாஸைப் புதுப்பித்துப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். பாதியில் கணினி உறைந்தால் பலகையே போய்விடும், அதைக் கடைசியில் பார்க்கலாம் என்றான். பையனுக்குப் பொறுமை அதிகம்.

மிச்சம் இருந்தது பவர் சப்ளை. சுவர் மின்சாரத்தை 12 வோல்ட்டாக இறக்கித் தரும் அந்த இரும்புப் பெட்டி. பலகை அந்த 12 வோல்ட்டை இன்னும் இறக்கி, ஒரு வோல்ட்டைச் சற்றே தாண்டும் அளவில் பிராசசருக்கு ஊட்டுகிறது. பிராசசர் சும்மா இருக்கும்போது கொஞ்சம்தான் குடிக்கும். வேலை வந்த நொடியில் பல மடங்கு கேட்கும். கணினி திறக்கும் வேளையில் இந்த ஏற்ற இறக்கம் ஓயாமல் நடக்கிறது. அப்போது மின்னழுத்தம் கண நேரம் சரிந்தாலும் கேஷில் இருக்கும் பிட்டுகள் புரளும், பிராசசர் கூவும். மல்டிமீட்டர் வைத்தால் 12.1 என்று அழகாகக் காட்டுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் வந்துபோகும் சரிவு அதற்குத் தெரியாது.

ஏன் காலையில் மட்டும்? கணினி இருப்பது எங்கள் படுக்கை அறையில். இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடும். பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வயதாகி உலர்ந்தால் குளிரில் அவற்றின் பலம் இன்னும் குறையும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் ஒருவழியாகச் சமாளிக்கும். முழங்கால் வலிக்காரர் காலையில் எழுந்து நடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

அண்ணன் மகன் தன் கணினியின் பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினான். ஐந்து விடியற்காலைகள் ஒரு பதிவும் இல்லை. நான் நிம்மதியாகிவிட்டேன். அவன் ஆகவில்லை. "தற்செயலா கூட இருக்கலாம். பழசை மறுபடி மாட்டிப் பார்க்கணும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் விட்டேன். மாட்டிய மறுநாள் காலை 4.40க்கு 18ஆம் எண் வந்தது. அதைப் பார்த்து அவன் கைதட்டினான். புது பவர் சப்ளை 329 ரிங்கிட். பழையதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்குமாம்.

இது திறந்துவிட்டுப் பிறகு விழும் கணினியின் கதை. திரையே வராத கணினிக்கு வேறு வழி. இப்போதைய பலகைகள் பலவற்றில் சிபியூ, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. தொடங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தடை. அதற்கும் இதே எச்சரிக்கைதான்: சிபியூ விளக்கு நின்றால் பிராசசர் செத்தது என்று பொருள் இல்லை. எங்கள் நிலையத்தில் ஒரு நண்பரின் கணினியைப் பண்டிகைக்காகச் சுத்தம் செய்தபின் அந்த விளக்கு அணையவே இல்லை. பிராசசருக்கு மின்சாரம் தரும் எட்டு ஊசி இணைப்பு பலகையின் மேல் மூலையில் இருக்கும். அது அரைகுறையாக நின்றிருந்தது. ஒரு அழுத்து, சரியாகிவிட்டது. பழைய பலகையில் புது பிராசசர் போட்டு, பயாஸ் அதை அடையாளம் காணாவிட்டாலும் இதே விளக்குதான் எரியும். சாக்கெட்டில் ஓர் ஊசி வளைந்தாலும் இதேதான். விளக்குக்குப் பதில் பீப் ஒலி வரும் பலகைகளும் உண்டு. எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பலகைக்குப் பலகை மாறும். கையேட்டைப் பார்க்காமல் எண்ணிப் பயனில்லை.

கணினி சரியாகிவிட்டது. கோப்புகள்? அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியின் அட்டைகளை நிகழ்ச்சி ஒலியேறும்வரை நான் அழிப்பதில்லை. அதனால் மூலம் கையில் இருந்தது. அண்ணன் மகன் மடிக்கணினியில் ஒரு கட்டளை எழுதினான். ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படித்து அதற்கு ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். அட்டையில் இருப்பதன் எண்ணும் வெளி டிஸ்க்கில் இருப்பதன் எண்ணும் ஒத்துப்போனால் நகல் சரி. விண்டோஸிலேயே இதற்கு செர்ட்யூட்டில் என்ற கருவி இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். 212 கோப்புகளுக்கும் ஓர் இரவு ஓடியது.

காலையில் பார்த்தால் 211 ஒத்திருந்தன. ஒன்று ஒக்கவில்லை.

கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியின் பதிவு அது. நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது கணினி உறைந்த ஒரு நாள் அது போயிருக்கிறது. கோப்பின் அளவு சரியாக இருந்தது. தேதி சரியாக இருந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் எவருக்கும் சந்தேகம் வராது. திறந்து கேட்டோம். பாட்டி பாடுகிறார், பாடுகிறார், கடைசி 40 நொடி ஒன்றுமே இல்லை. அலைக்கோடு நேராகப் படுத்துக் கிடந்தது. கணினி அந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறது, குரலை எழுதும் முன் விழுந்துவிட்டது.

அட்டையிலிருந்து அந்த ஒரு கோப்பை மறுபடி எடுத்தோம். நகலின் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தோம். பிறகு அந்த 40 நொடியைக் கேட்டேன். பாட்டி பாட்டை முடிக்கிறார், இருமுகிறார், யாரோ தண்ணீர் கொடுக்கும் சத்தம் கேட்கிறது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்கிறார்: "எல்லாம் விழுந்துச்சா, கண்ணு?"